ஏட்டைத் திறவாமல் எடுக்கும் விழா

கண்டி மாநகரம் விழாக்களுக்குப் பெயர் பெற்ற நகரம். எசலப் பெரஹராவைக் காண நாலா திக்கிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். பெப்ரவரி 4ஆம் நாளிற் கொடியேறுகின்றது. மேதினத்தில் ஊர்வலம் செல்கின்றது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அரசாங்க விடுமுறை உண்டு. தலைவர்களின் பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் மாலையுண்டு, மேடையுண்டு, ஒலிபெருக்கியுண்டு. குறையென்று சொல்ல எதுவுமில்லை போலத் தோன்றும். ஆயினும் ஒன்று குறைகின்றது என்கிறோம் நாம். அது சிறு குறையன்று. ஒரு மக்கட் கூட்டத்தின் உரிமையோடு பின்னிக் கிடக்கும் பெருங்குறை.

ஆண்டுதோறும் ஒரு நாளைக் கொண்டாடுகின்றோமே, அந்த நாளில் உண்மையில் நடந்தது என்ன? யார் ஒப்பமிட்டார்? யார் சுடப்பட்டார்? யாருடைய பெயர் எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டது? யாருடைய பெயர் வெட்டப்பட்டது? இவற்றைக் காட்டும் ஏடு எங்கே? அது பூட்டிய அறையில் உறங்குகின்றதா? தோட்டக் கந்தோரின் மூலையிற் கறையானுக்கு இரையாகின்றதா? அல்லது என்றோ அடுப்புக்குப் போயிற்றா? விழாவன்று இந்தக் கேள்வியைக் கேட்பார் எவருமில்லை. மேடையேறியவர் நினைவில் வந்ததைப் பேசுகின்றார். கேட்டவர் கைதட்டுகின்றார். மறுநாள் மாலை வாடுகின்றது. அத்தோடு நாளும் முடிந்துவிடுகின்றது.

நாம் சொல்வது இதுதான்: வரலாற்று நாளைக் கொண்டாடுதற்கு உரிய முதல் இடம் மேடையன்று, நூலகம். அந்த நாளுக்குரிய ஆவணத்தை வெளியே எடுத்து, துடைத்து, மக்கள் முன் விரித்து, அவர்கள் மொழியிலே விளக்குவதுதான் விழா. மற்றதெல்லாம் வெறும் சடங்கு. வேறு மக்களுக்கு இது அறிவுலகப் பொழுதுபோக்காக இருக்கலாம். கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழும் தமிழனுக்கோ இது உயிர்ப் பிரச்சினை. ஏனெனில், காகிதம் இல்லை என்று சொல்லித்தான் அவனை நாடற்றவன் ஆக்கினார்கள்.

நூலகம் யாருக்கு என்பது கண்டியில் நேற்றெழுந்த வினாவன்று. வாவிக்கரையிலே, தலதா மாளிகைக்கு அணித்தாக, நீரிற் காலூன்றி ஒரு மண்டபம் நிற்கின்றது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் அரசியர் நீராடுவதற்கென எழுந்தது அது. 1815ஆம் ஆண்டில் அவனது அரசு வீழ்ந்தது. 1828ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அம்மண்டபத்தின் மேல் ஒரு மாடியை எழுப்பித் தம் படையினருக்குரிய நூலகமாக்கிக் கொண்டனர். அரசியின் நீராடு மண்டபத்தின் தலைமேல் ஆள வந்தவனின் புத்தக அலுமாரி! நாட்டவனுக்காக அமைந்த நூலகமன்று அது. வென்றவன் முதலிற் கோட்டையைப் பிடித்தான். பிறகு நூலகத்தைக் கட்டினான். அவன் அறிவாளி.

அடுத்து வந்தவரும் அறிவாளிகளே. 1854ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாளிற் கோப்பித் தோட்டத் துரைமார் கண்டியிற் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அவர்கள் கோப்பி விற்றனர், பணம் குவித்தனர் என்பதை யாவரும் அறிவர். அவர்கள் செய்த மற்றொரு காரியத்தை நம்மவர் கவனிப்பதில்லை. அவர்கள் எழுதி வைத்தனர். சங்கக் கூட்டங்களின் நடவடிக்கைகளை ஆண்டுதோறும் அச்சிட்டனர். பெர்குசன் கம்பெனி வெளியிட்ட டைரக்டரியிலே தோட்டத்தின் பெயர் உண்டு, ஏக்கர் உண்டு, உடைமைக்காரன் பெயர் உண்டு, துரையின் பெயர் உண்டு. காட்டை வெட்டியவனுக்கு அங்கே பெயரில்லை. இன்று மலைநாட்டின் வரலாற்றை எழுத வருபவன் எதை எடுத்துப் புரட்டுவான்? துரைமார் எழுதி வைத்ததைத்தான் புரட்டுவான். ஆகவே துரையின் கண்ணாலேதான் நம் பாட்டனைக் காண்பான்.

இனி, காகிதம் எவ்வாறு ஒரு மக்களின் கழுத்துக்குக் கயிறாயிற்று என்பதைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் அமுலுக்கு வந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் மனுச் செய்யலாம் என்றது. ஆனால் நிபந்தனை என்ன? 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இந்நாட்டை விட்டு நீங்காது வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பது எதைக் கொண்டு? வாயாலன்று, காகிதத்தால். ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுக்கள் குவிந்தன. அவர்களுள் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே கிடைத்தது. எஞ்சியோர்? 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நாடற்றவர் தொகை 9 இலட்சத்து 75 ஆயிரம் என்று கணக்கிட்டனர். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது 1 இலட்சத்து 50 ஆயிரம். ஆடுமாடுகளைப் பங்கு பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள். எஞ்சியோர் அனைவர்க்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. சுதந்திர நாட்டில் 55 ஆண்டுக் காத்திருப்பு!

வேறு தேசங்களுக்குச் சென்ற தமிழருக்கில்லாத ஓர் இடர் இங்கே இருந்தது. மொரீசியசுக்கும் பீஜிக்கும் சென்றவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அந்த முறை கொடியது. ஆனாலும் அங்கே ஒவ்வொருவர் பெயரும், தகப்பன் பெயரும், ஊரும், வயதும் பதிவேட்டில் ஏறின. இலங்கைக்கு ஆள் திரட்டியது கங்காணி முறை. இங்கே மனிதனின் சரித்திரம் பெரிய கங்காணியின் கணக்குப் புத்தகத்திலும், கடனைச் சுமந்து தோட்டத்துக்குத் தோட்டம் மாறிய ‘துண்டு’ என்ற சீட்டிலும், கழுத்திற் கட்டிய தகர டிக்கட்டிலும், பெரட்டுக்களத்தில் பேர் போட்ட செக்ரோலிலும் சிதறிக் கிடந்தது. 1921ஆம் ஆண்டிலே துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. அதை ஒழித்தது நன்றே. ஆனால் பழைய துண்டுகள் என்னாயின? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. கைமாறிய ஒவ்வொரு முறையும் தேயிலைச் செடியை எண்ணினார்கள், இயந்திரத்தை எண்ணினார்கள், கூரைத் தகரத்தையும் எண்ணினார்கள். அந்தக் கந்தோர் அலுமாரிகளில் அடுக்கியிருந்த செக்ரோல்களை எண்ணியவர் யார்? காணி உறுதி தொலைந்தால் என்ன பாடு என்பது கமக்காரருக்குத் தெரியும். சேவைப் பதிவு தொலைந்தால் என்ன பாடு என்பது உத்தியோகத்தருக்குத் தெரியும். ஒரு மக்கள் திரளின் உறுதியும் சேவைப் பதிவும் ஒருங்கே தொலைவதென்றால் அதற்கு என்ன பெயரிடுவது?

விழாக்களின் ஓரவஞ்சனையைக் காண வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்ட மலைகளுக்குப் போனாற் போதும். அங்கே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 2017ஆம் ஆண்டிலே இலங்கைத் தேயிலையின் 150ஆம் ஆண்டு என்று நாடு கொண்டாடியது. டெயிலருக்குக் குறை சொல்ல நாம் வரவில்லை. அவர் உழைப்பாளிதான். ஆனால் அந்த 19 ஏக்கரையும் கொத்தியவர் யார், கன்று நட்டவர் யார், கொழுந்து கிள்ளியவர் யார்? அவர்கள் பெயரை அந்த ஆண்டில் உச்சரித்தவர் எத்தனை பேர்?

அதே ஹேவாஹெட்டப் பகுதியில் முல்லோயாத் தோட்டம் உண்டு. 1940ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்த அந்தத் தோட்டத்திலே, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானான். அதைப்பற்றி விசாரணைக் கமிஷன் அமைந்தது. கோவிந்தனின் மனைவியின் சார்பிற் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். நாடே பேசிய வழக்கு அது. சாட்சியம் பதிவாயிற்று, பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. இவையெல்லாம் ஆவணமல்லவா? ஒரே பகுதியில் இரண்டு தோட்டங்கள், இரண்டு நாள்கள். ஒன்றுக்கு அஞ்சல் முத்திரையும் விருந்தும் வேண்டும் என்கின்ற நாடு, மற்றொன்றுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியும் நாலு தாளும்கூடக் கொடுக்க வேண்டாமா?

ஹந்தானை மலையிலே தேயிலை அரும்பொருட்சாலை இருக்கின்றது. 1925ஆம் ஆண்டில் எழுந்த பழைய தொழிற்சாலையைப் புதுக்கி 2001ஆம் ஆண்டு திறந்தார்கள். பழைய இயந்திரங்களை எண்ணெயிட்டுத் துடைத்து வைத்திருக்கின்றார்கள். நல்லது. ஆனால் இயந்திரத்தைச் சுற்றியவனின் கதையைக் காண வேண்டுமென்றால் கம்பளைப் பக்கம், பழைய பீகொக் தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகத்தார் 2007ஆம் ஆண்டில் ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அரும்பொருளகமும் ஆவணக் காப்பகமும் ஆக்கினர். அரசாங்கம் செய்ய வேண்டியதை ஒரு லயத்துக் காம்பரா செய்கின்றது! அந்த முயற்சியை நாம் மனமாரப் போற்றுகின்றோம். போற்றும்போதே கேட்கின்றோம்: நகரத்தின் பெரிய கட்டடங்கள் என்ன செய்கின்றன?

பெரிய கட்டடங்களுக்குக் குறைவில்லை. 1952ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகத்தின் நூலகம் உண்டு. ஓலைச் சுவடிகளும் பழைய அச்சு நூல்களும் அங்கே உள்ளன. தேசிய சுவடிகள் காப்பகத்தின் கண்டிக் கிளை உண்டு. மாநகரத்துப் பொது நூலகமும் உண்டு. அதன் பெயர் டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம். ஆம், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கத்தின் பிரதமர் பெயர்தான். பெயரை மாற்று என்று நாம் கூக்குரலிட வரவில்லை. பெயர் இருக்கட்டும். அந்தப் பெயர் பொறித்த கட்டடத்துக்குள்ளேயே, நவம்பர் 15ஆம் நாள்தோறும், அந்தச் சட்டத்தின் படியையும், அதைப் பற்றிப் பாராளுமன்றத்தில் நடந்த விவாதத்தையும், மறுக்கப்பட்ட மனு ஒன்றையும் மூன்று மொழியில் விரித்து வையுங்கள் என்கின்றோம். உண்மைக்கு அஞ்சாத நாடு என்றால் இதற்கேன் அஞ்ச வேண்டும்?

இதற்கு எழும் ஆட்சேபங்களை நாம் அறிவோம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“எழுத்தறியாத கூலிகளுக்கு ஏது ஆவணம்?” என்பது முதலாவது. இதைச் சொல்பவர் கோட்டும் சூட்டும் அணிந்து கல்விமான் என்று உலவுவதுதான் வேடிக்கை. 1869ஆம் ஆண்டிலேயே ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ பாடி அச்சிட்டார். கோ. நடேசய்யர் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தினார். 1931ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் கண்டார். அவர் மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் துயரைப் பாட்டாகப் பாடிச் சிறு புத்தகமாக அச்சிட்டார். சி. வி. வேலுப்பிள்ளை லயத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1923ஆம் ஆண்டு முதல் கண்டியிலே இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் இருந்து, தோட்டத் தமிழரின் நிலை பற்றி ஆண்டறிக்கை எழுதினார். கச்சேரிப் பதிவு, பிறப்பு இறப்புப் பதிவு, நீதிமன்ற வழக்கேடு, தோட்டப் பாடசாலை இடாப்பு, கோயிற் கணக்கு, சங்கச் சந்தாச் சீட்டு என்று ஆயிரம் உண்டு. இல்லாதது ஆவணமன்று, தேடும் மனமே.

“எந்த ஆண்டை நினைவுகூர்வது என்பதிலேயே தகராறு” என்பது இரண்டாவது. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கியது 1823இல் என்போரும் 1824இல் என்போரும் உளர். 2023ஆம் ஆண்டிலே ‘மலையகம் 200’ என்று மக்கள் எழுச்சியோடு நினைவுகூர்ந்தனர். முன்னோர் நடந்து வந்த வழியிலே, தலைமன்னாரிலிருந்து சூலை 28ஆம் நாள் புறப்பட்டு, ஆகஸ்டு 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது நடைபயணம். காலிற் கொப்புளம் கொள்ள நடந்தவர்களுக்கு நம் வணக்கம் உரியது. அந்த ஆண்டின் தகராறு எதை நிரூபிக்கின்றது? ஆவணம் வேண்டாம் என்பதையா, வேண்டும் என்பதையா? நோயாளிக்கு என்ன நோயென்று தெரியவில்லை, ஆகவே வைத்தியர் வேண்டாம் என்பதுபோல் இருக்கின்றது இந்த வாதம்! தகராறு இருப்பதாற்றான் ஏட்டைத் திறக்கச் சொல்கின்றோம். இரு பக்கத்துச் சான்றையும் ஒரே மேசையில் வையுங்கள். மக்கள் படித்துத் தீர்மானிக்கட்டும்.

“இது வகுப்புவாதம், ஆறிய புண்ணைக் கிளறுவது” என்பது மூன்றாவது. இதற்கு மறுமொழி பெட்டிக்குள்ளேயே இருக்கின்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. கண்டியச் சிங்கள விவசாயியின் சேனைக் காடு அவ்வாறுதான் கைவிட்டுப் போயிற்று. அவனிடமும் கேட்டது காகிதம்தான்! 1848ஆம் ஆண்டிலே மாத்தளையிற் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். அவனிடம் பறித்த மலையில் நம் பாட்டனைக் கொண்டுவந்து உழைக்க வைத்தார்கள். பறிகொடுத்தவனையும் உழைத்தவனையும் ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிட்டு இலாபத்தைக் கப்பலேற்றியவன் ஒருவனே. அந்தச் சட்டத்தையும் தோட்டக் கணக்கையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் வகுப்புவாதம் வளருமா, அழியுமா? ஏட்டை மூடி வைத்திருப்பதால் வாழ்பவன் வகுப்புவாதியே. அவன் பிழைப்பு இருட்டிலே நடப்பது.

மார்ச்சு 2ஆம் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1815ஆம் ஆண்டின் அந்நாளிற் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்தைக் கையாண்டு ஒப்பமிட்டனர் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்கினாற் போதுமா? ஒப்பந்தத்தின் படியைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுங்கள். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் பக்கத்திற் பக்கம் நின்று எழுத்துக்கூட்டிப் பார்க்கட்டும். அன்று இழந்த முடியும் சிம்மாசனமும் 1934ஆம் ஆண்டிலே பேண்டு வாத்தியத்தோடு திரும்பி வந்தன. மன்னனின் நாற்காலிக்குக் கிடைத்த மரியாதையிற் பத்திலொன்றைக் கூலிக்காரனின் சீட்டுக்குக் கேட்கின்றோம். இது அதிகமா?

“பணமில்லை” என்பது கடைசி ஆட்சேபம். மொரீசியஸ் நம்மைவிடப் பெரிய நாடா? 1834ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் தொடங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வருகையை நினைவுகூர்ந்து அங்கே ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் பொது விடுமுறை. அவர்கள் வந்திறங்கிய படித்துறை 2006ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. மகாத்மா காந்தி நிறுவகத்திலே குடிவரவுப் பதிவேடுகளைக் காத்து வைத்து, தேடி வருபவனுக்கு அவன் பூட்டனின் பதிவை எடுத்துக் காட்டுகின்றனர். அங்கே விடுமுறைக்குப் பின்னால் ஏடு நிற்கின்றது. இங்கே விடுமுறைக்குப் பின்னால் உறக்கம் நிற்கின்றது. தமிழகத்தைப் பாருங்கள். கோட்டையூரிலே ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் திரட்டிய நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் இதழ்களும் 1994ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு பெரும் ஆராய்ச்சி நூலகமாயின. கலியாண அழைப்பிதழையும் நாடக நோட்டீசையும்கூட அவர் எறியவில்லை. 2005ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுத் தமிழர்கள் ‘நூலகம்’ என்ற பெயரிலே ஈழத்து, மலையகத்து நூல்களைப் படமெடுத்து உலகத்தார் யாவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கின்றனர். பணத்தால் ஆனவையா இவை? மனத்தால் ஆனவை.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவித்துப் பூட்டுவதும் ஆபத்து. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மூண்ட தீ ஏறக்குறைய 97,000 நூல்களைச் சாம்பலாக்கிற்று. வேறெங்கும் படியில்லாதிருந்த ஏடு எரிந்தால் எரிந்ததுதான். அந்தப் பாடத்தை மறந்தவர் ஆவணத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் திட்டமாகச் சொல்கின்றோம்.

முதலாவது, கண்டியின் நூலகங்களும் சுவடிகள் காப்பகமும் கூடி ஓர் ஆவண நாட்காட்டி வகுக்க வேண்டும். சனவரி 10 முல்லோயா, மார்ச்சு 2 கண்டி ஒப்பந்தம், மே 1 தொழிலாளர் தினம், அக்டோபர் 30 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நவம்பர் 15 பிரஜாவுரிமைச் சட்டம் ஆகிய நாள்களேனும் அதில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு நாளிலும் அதற்குரிய மூல ஆவணம் அல்லது அதன் படி, விளக்கக் குறிப்போடு பார்வைக்கு வர வேண்டும்.

இரண்டாவது, விளக்கக் குறிப்பும் நூற்பட்டியலும் தமிழிலும் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சி மொழி. தன் பாட்டனின் பெயரைத் தேடி வரும் தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழில் மறுமொழி சொல்ல ஓர் உத்தியோகத்தர் இருப்பது சலுகையன்று, சட்டம்.

மூன்றாவது, தோட்டக் கந்தோர்களில் எஞ்சியுள்ள செக்ரோல், சம்பளப் புத்தகம், பாடசாலை இடாப்பு ஆகியவற்றை அழிக்காது கணக்கெடுக்க வேண்டும். கம்பெனிகள் கைமாறினாலும் அவை பொதுச் சொத்தென்று அறிவிக்க வேண்டும்.

நான்காவது, ஒவ்வொன்றுக்கும் படமெடுத்து மூன்று இடங்களிலேனும் படி வைக்க வேண்டும். மூலம் தந்த குடும்பத்துக்கு மூலத்தைத் திருப்பித் தர வேண்டும்.

ஐந்தாவது, பெட்டி மலையேற வேண்டும். நாட்கூலிக்காரி ஒரு நாட் சம்பளத்தை இழந்து பேராதனைக்கு வரமாட்டாள். விடுமுறை நாளிலே கண்காட்சி தோட்டப் பாடசாலைக்கும் கோயில் மண்டபத்துக்கும் போகட்டும். தெல்தோட்டைக்கும் புசல்லாவைக்கும் ஹேவாஹெட்டவுக்கும் வான் போகின்றதே, ஏடு போகக்கூடாதா?

அரசாங்கம் செய்யட்டும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டியிருப்பது ஆண்மையன்று. தொழிற்சங்கத் தலைவர்களைக் கேட்கின்றோம்: உங்கள் சங்கக் கந்தோரின் பழைய கோவைகள் எங்கே? எத்தனை வேலைநிறுத்தங்களின் கடிதங்கள் பழைய பேப்பர்க் கடையில் நிறுத்து விற்கப்பட்டன? மேதினத்துக்குச் சிவப்புச் சட்டை தைக்கும் செலவில் ஓர் இரும்பு அலுமாரி வாங்கலாமே! உத்தியோகத்தரே, நீங்கள் ஆசிரியராகவோ வைத்தியராகவோ சட்டத்தரணியாகவோ எழுதுவினைஞராகவோ இருக்கலாம். விடுமுறை நாளில் ஒரு பகல், ஒரு தோட்டம், ஒரு முதியவர் என்று கணக்கு வைத்துச் சென்று, அவர் சொல்வதை எழுதி, அவர் வைத்திருக்கும் காகிதத்தைக் கைப்பேசியிற் படமெடுத்து, நூலகத்திற் சேர்ப்பது உங்களால் ஆகாத காரியமா? கமக்காரரே, உங்கள் குடும்பத்தில் யாரேனும் தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரிக்கும் கூடலூருக்கும் போயிருக்கக்கூடும். அவர்கள் அனுப்பிய கடிதம் ஒன்று உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்குமானால் அதுவும் இந்நாட்டு வரலாறு. அதைக் குப்பையென்று எண்ணற்க.

தைப்பொங்கலுக்கு முன் வீடு வெள்ளையடிப்பது நம் வழக்கம். பழையன கழித்துப் பழந்தாளைத் தீயிலிடுவதும் வழக்கம். பழைய பாய் எரியட்டும், கிழிந்த கூடை எரியட்டும். ஆனால் மங்கிய மையில் ஒரு பெயரும் ஒரு தோட்டமும் ஒரு திகதியும் எழுதிய தாள் கையிற் பட்டால் நிறுத்துங்கள். 1949ஆம் ஆண்டிலே அத்தகைய தாள் ஒன்று இல்லாமற்றான் எத்தனையோ குடும்பங்கள் கோச்சியேறிக் கண்ணீரோடு மலையை விட்டுப் போயின. இன்னொரு முறை எவனேனும் வந்து “நீ யார், காகிதத்தைக் காட்டு” என்று கேட்பானாயின், காட்டுவதற்கு நம்மிடம் ஒரு நூலகம் நிறைய இருக்க வேண்டும்.